மூன்று கரண்டி நல்லெண்ணெய்

எங்கள் சோதனைக் கூடத்தில் இருந்த பொம்மைக்கு மொட்டைத் தலை. நடந்த எல்லாவற்றுக்கும் அந்த மொட்டைதான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். விசாரணைக் குழுவிடம் அப்படித்தான் சொன்னேன். அவர்களும் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார்கள். இதை நான் விசாரணைக் குழுவுக்காக எழுதவில்லை.

என் பெயர் பவதாரிணி. கோயம்புத்தூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் கலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ரப்பருக்குள் மின்சாரம் போகாது என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கரித்தூளையும் நிக்கல் பூசிய இழைகளையும் சரியான அளவில் போட்டுப் பிசைந்தால் போகும். அப்படி மின்சாரம் போகிற ரப்பரால் ஒரு கருவியை மூடிவிட்டால், வெளியில் அலைகிற அலைகள் அந்தக் கருவியைத் தொந்தரவு செய்யாது. வளைத்தாலும் இழுத்தாலும் அந்தத் தன்மை போகாமல் பார்த்துக்கொள்வதில்தான் வித்தை இருக்கிறது. அந்த வித்தை எனக்குத் தெரியும் என்று பத்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கம்பியில்லாமல் காற்றிலேயே பரவுகிற மின்சாரம் வந்தது. ஜனங்கள் வாயில் அது காத்துக் கரண்ட். தெருமுனைக்கு ஒரு கம்பம் நட்டு, வீட்டுக்கு வந்த கம்பிகளையெல்லாம் கழற்றி எடைக்குப் போட்டார்கள். மின்விசிறிக்கு வயர் கிடையாது. ஸ்கூட்டர் ஓடும்போதே சார்ஜ் ஏறும். காக்கைகளுக்குத்தான் உட்கார இடமில்லாமல் போயிற்று. மனித உடம்பை இது ஒன்றும் செய்யாது என்று காட்ட அதிகாரிகள் கம்பத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் உடம்புக்குள் கருவி வைத்திருக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்பதை யாரும் கட்டிப்பிடித்துச் சொல்லவில்லை.

என் தங்கை சுபிக்ஷாவுக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தது. பத்தொன்பது வயதில் அவள் மண்டையோட்டில், காதுக்குச் சற்று மேலே, நாணயம் அளவுக்கு ஒரு கருவி வைத்தார்கள். மூளை தடுமாறப் போவதை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, மெல்லிய துடிப்பு ஒன்றைக் கொடுத்து அடக்கிவிடும். நாலு வருடம் அவள் ஒரு தடவைகூட விழவில்லை. கம்பம் நட்ட மாதத்தில் மட்டும் மூன்று தடவை விழுந்தாள். கம்பத்தின் இரைச்சலில் கருவிக்கு மூளையின் முணுமுணுப்பு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்படி விழுந்தவர்களுக்கு அரசாங்கம் இரும்பு வலைத் தொப்பி கொடுத்தது. தொப்பி இரைச்சலைத் தடுத்தது, உண்மை. ஊராரையும் தடுத்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். ஹோட்டலில் தம்ளரைத் தனியாக எடுத்து வைப்பார்கள். தொப்பியோடு சுபியைப் பார்த்துவிட்டு மூன்று வரன்கள் திரும்பிப் போயின. மூன்றாவது வீட்டார் பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ஒட்டு. உள்ளங்கை அளவுக்கு, வெற்றிலைக் கனத்தில், தோலோடு தோலாக நெளியும் ரப்பர். கருவி இருக்கிற இடத்தில் மட்டும் முடியை மழித்து ஒட்டிவிட வேண்டும். பெண்கள் பக்கத்து முடியை அதன்மேல் வாரிவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. ஆண்களுக்கு ஒட்டின் மேலேயே முடி நட்டுக் கொடுத்தோம். இரண்டு வருடம் ராப்பகலாக உழைத்து நான் செய்தது. மாசி மாதம் விற்பனைக்கு வந்தது. வைகாசிக்குள் நாற்பதாயிரம் தலைகளில் ஏறிவிட்டது. ஆவணியில் சுபிக்குக் கல்யாணம்.

வியர்வையில் ஊறவைத்துச் சோதித்தோம். ஷாம்பூ, குளோரின் தண்ணீர், சித்திரை வெயில், லட்சம் தடவை மடக்கி நீட்டுவது எல்லாம் பார்த்தோம். என்னென்ன சோதனை என்ற பட்டியல் வெளிநாட்டிலிருந்து வந்தது. பொம்மையும் அதோடு வந்தது. முடியில்லாத தலைக்கு எண்ணெய் வைக்க யாருக்கும் தோன்றாது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதும் என்பது எங்கள் படிப்பில் முதல் வருடப் பாடம். தினமும் காலையில் என் தலைக்கு எண்ணெய் வைத்துப் படியப் பின்னிக்கொண்டு போய் அந்தப் பொம்மைக்கு முன்னால் உட்கார்ந்தவளும் நான்தான்.

மாப்பிள்ளை பெயர் நவநீத். சிங்காநல்லூர். முப்பத்தோரு வயது, பம்புசெட் கம்பெனியில் கணக்கீட்டு மென்பொருள் பார்க்கிற வேலை. அதிர்ந்து பேசாத பையன். சுபியின் நோயைப் பற்றி அந்த வீட்டில் நாங்கள் மூச்சு விடவில்லை. சொல்லிவிடலாம் என்று நான் ஒரு தடவை ஆரம்பித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"நீ செஞ்சு குடுத்த ஒட்டுத்தான் இருக்குதில்ல? அப்புறம் என்னத்தச் சொல்றது? நல்லா இருக்கறவள நோயாளின்னு நாமளே தம்பட்டம் அடிக்கோணுமா?"

அம்மாவின் நியாயம் எனக்கும் பிடித்திருந்தது. என் ஒட்டின்மேல் எனக்கு அவ்வளவு கர்வம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நலங்கில் சுபிக்கு எண்ணெய் வைத்தார்கள். உறவுக்காரப் பெண்கள் ஆளுக்கு ஒரு கை. ஐந்தாம் நாள் காலையில் புகுந்த வீட்டுக் குளியலறையில் அவள் விழுந்தாள். தாழ் போட்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. உதடு கிழிந்ததற்கு வழுக்கியது என்று சொல்லிவிட்டு, அன்று மத்தியானமே என் வீட்டுக்கு வந்தாள். ஒட்டைப் பிரித்து எடுத்தேன். ஓரங்கள் ஊறிய அப்பளம் போலத் தடித்துக் கிடந்தன. புது ஒட்டுப் போட்டு அனுப்பிவிட்டு, பழையதைக் கைப்பைக்குள் வைத்துச் சோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். தடுப்பு அளவு அறுபது இருக்க வேண்டியது பதினாலு காட்டியது.

புது ஒட்டுகளை நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் என்று கிண்ணம் கிண்ணமாகத் தடவி வைத்தேன். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் இறங்க ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் ஒட்டு வெறும் ரப்பர். தலையில் ஒட்டியிருந்தும் இல்லாத மாதிரிதான்.

எங்கள் மேலாளர் பிரசன்னா சாரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது.

"தாரிணி, எண்ணெயில ஊறப்போட்டா எந்த ரப்பர்தான் கெடாது? மனுஷங்க தலைய எண்ணெயில ஊறப்போடுவாங்களா?"

"தீபாவளிக்கு ஊறப்போடுவாங்க சார். இன்னும் அஞ்சு வாரம் இருக்கு."

அவர் மேஜைமேல் இருந்த நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தார். "இதுவரைக்கும் எத்தனை பேர் விழுந்திருக்காங்க?"

"விழுந்தாலும் பழைய வியாதின்னு விட்டிருப்பாங்க. பாதிப் பேர் சாதாரண நாள்ல எண்ணெயே வைக்கிறதில்ல. எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்."

"யாரு?"

நான் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். கைப்பைக்குள் சுபியின் ஒட்டு இருந்தது. அதன் அடியில் எண் இருந்தது. அந்த எண்ணைத் தட்டினால் அவள் பெயரும் விலாசமும் வந்துவிடும்.

"இத பாரும்மா," என்றார் அவர். "நாற்பதாயிரத்தையும் திரும்ப வாங்கணும்னா மேல இருக்கறவங்க ஒரு உண்மையான கேஸ் கேப்பாங்க. நோயாளி கையெழுத்து வேணும். அப்புறம் விசாரணைக் குழு அவங்க வீட்டுக்குப் போகும், வீட்டுல உள்ள எல்லாரையும் விசாரிக்கும். அதுதான் விதி. கொண்டு வா, நானே முன்ன நிக்கறேன். இல்லேன்னா அடுத்த தடவை ஒட்டோட குடுக்கற துண்டுச்சீட்டு அச்சடிக்கும்போது 'எண்ணெய் தவிர்க்கவும்'னு ஒரு வரி சேர்ப்போம். தை மாசம் அச்சடிக்கிறாங்க."

துண்டுச்சீட்டை யார் படிப்பார்கள் என்று கேட்டேன். யாருமே படிப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுபியை எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னேன். துவைத்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டாள். கையெழுத்து என்ற வார்த்தை வந்ததும் மடிப்பது நின்றது.

"அவங்க வீட்டுக்கு ஆள் வருமா?"

"வருவாங்க."

"அவர்கிட்ட, அத்தைகிட்ட எல்லாம் கேப்பாங்களா? எத்தன வயசுல இருந்து வியாதின்னு?"

"கேப்பாங்க."

"அப்ப நான் மாட்டன் அக்கா." துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அவர் என்னைய எப்படி வெச்சிருக்காரு தெரியுமா? காலைல காபி போட்டு வெச்சுட்டு எழுப்பறாரு. எனக்குன்னு இப்பத்தான் ஒரு வாழ்க்கை வந்திருக்குது. அதைய எடுத்து அந்த நாப்பதாயிரம் பேருக்குக் குடுத்தரோணுமா?"

"தீபாவளிக்கு எண்ணெய் வெப்பாங்களேடி. நாற்பதாயிரம் தலைக்கும் வெப்பாங்க. நம்ம மாதிரி மறைச்சவங்கதான் பாதிப் பேர். வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்கன்னு தலையக் குனிஞ்சு காட்டுவாங்க."

"எனக்கு மட்டும் வேற எதையாச்சும் வெச்சுக்கலாம்ல?" என்றாள். பிறகு அழுதாள். "நீ சொல்லீட்டயின்னா நான் திரும்பி இந்த வீட்டுக்குத்தான் வரோணும். தொப்பியோட."

நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். பெயர் போடாமல் செய்திக்காரர்களுக்கு எழுதலாம் என்று போனில் நாலு வரி அடித்தேன். சோதனை செய்தது நான் ஒருத்திதான். அது வெளியே போனால் என் வேலை போகும், என்னைத் தோண்டினால் தங்கையும் வெளியே வருவாள். நாலு வரியையும் அழித்தேன். தங்கைக்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன். என் வேலையும் என் பெயரும்கூட அந்தக் கணக்கில் இருந்தன. என் ஒட்டு தப்பு என்று ஊருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புரட்டாசி கடைசியில் நவநீத்தும் சுபியும் விருந்துக்கு வந்தார்கள். சாப்பிட்டு முடித்து, சுபியும் அம்மாவும் உள்ளே இருந்தபோது அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் அபுதாபியில் இருப்பதால் மாப்பிள்ளைக்குப் பேச்சுத்துணை என்னை விட்டால் ஆள் இல்லை.

"அக்கா, உங்க கம்பெனில தலைக்கு ஒரு ஒட்டுச் செய்யறீங்களாமா? நீங்க கண்டுபுடிச்சதாமா?"

"யார் சொன்னாங்க?"

"சும்மா பேப்பர்ல பாத்தனுங்க." அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது எப்படிங்க்கா வேலை செய்யுது? ரப்பர்ல கரண்ட் போகாதுங்களே."

அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. சுபியின்மேல் சந்தேகப்பட்டு என் வாயைக் கிண்டுகிறார் என்று நினைத்தேன். பதற்றத்தை மறைக்க நிறையப் பேசினேன்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கை கோத்து நிக்கற மாதிரி நெனச்சுக்கங்க மாப்பிள்ளை. ரப்பருக்குள்ள கரித்தூள் அப்படித்தான் ஒண்ணோட ஒண்ணு தொட்டுட்டு நிக்கும். தொட்டுட்டு இருக்கற வரைக்கும் கரண்ட் போகும். கம்பத்து அலை வந்தா அது மேலயே ஓடிப் போயிரும், உள்ள எறங்காது."

"இழுத்தா?"

"இழுத்தாலும் கை விடாத மாதிரி நீளமான இழை சேத்திருக்கோம்."

அவர் யோசித்தார். "எதுனாலயாச்சும் கை விட்டுப் போகுமுங்களா? போட்டு ஏழெட்டு மாசம் ஆயிருந்தா? நடுவுல ஒருக்கா வேலை செய்யாமப் போய்ட்டு, மறுபடி புதுசு போட்டாச் சரியாப் போச்சுன்னா, அது எதுனாலன்னு சொல்ல முடியுமுங்களா?"

சுபி குளியலறையில் விழுந்தது இவருக்குத் தெரிந்துவிட்டது, கேள்வி அதைப் பற்றித்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். கதவு மூடியிருந்தாலும் சத்தம் கேட்டிருக்கலாம். கிழிந்த உதட்டைப் பார்த்திருக்கலாம். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"அதெல்லாம் புரளிங்க மாப்பிள்ளை. ஆகாதவங்க கெளப்பி விடறது. மூணு வருஷம் தாங்கும். வெயிலு, மழை, வேர்வை, எதுக்கும் கெடாது."

"எதுக்கும் கெடாதுங்களா?"

"எதுக்கும் கெடாது. செஞ்சவ நான் சொல்றன்."

"அப்பச் சரிங்க்கா" என்றார். முகம் தெளிந்துவிட்டது. சுபி கொண்டுவந்த பாயசத்தை இரண்டாவது தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். தங்கையின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்று எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

தலை தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா போனதிலிருந்து அம்மா நல்ல காரியத்தில் முன்னால் வந்து நிற்பதில்லை. காற்றில் கரண்ட் வந்துவிட்டது, அந்தப் பழைய வழக்கம் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் எண்ணெய் வைக்கிற வேலை மூத்தவளான எனக்கு வந்தது. எனக்கும் அதுதான் வசதி. அம்மா வழக்கம்போல் நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சியிருந்தாள், வீடே மணத்தது. நான் சுபிக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் கற்றாழைச் சாற்றில் மஞ்சள் கரைத்து வைத்திருந்தேன். வெளிச்சம் குறைவான கூடத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். கிண்ணம் மாறிவிடக்கூடாது என்பதில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது.

இருவரையும் மணையில் உட்கார வைத்தோம். முதலில் மாப்பிள்ளை. நான் கரண்டியை எடுத்ததும் அவர் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்.

"எண்ணெய் ஒத்துக்காதுங்க்கா. சளி புடிச்சுக்கும். சும்மா ஒரு சொட்டுத் தொட்டு வெச்சாப் போதுங்க."

"தலை தீபாவளிக்கு எண்ணெய் வெக்காம எந்திரிக்கற மாப்பிள்ளைய நாங்க பாத்ததில்ல," என்றேன். "மூணு கரண்டிக்குக் கம்மியா விடமாட்டன்." சுற்றி இருந்தவர்கள் ஓவென்று சிரித்தார்கள். சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. அந்தச் சந்தடியில் அடுத்த கிண்ணத்தை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களே வெக்கறீங்கன்னாச் சரிங்க்கா" என்று தலையைக் குனிந்தார்.

மரியாதைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உச்சியில் மூன்று கரண்டி ஊற்றித் தேய்த்தேன். வலது காதுக்கு மேலே விரல் போனபோது முடிக்கு அடியில் ஒரு மெல்லிய விளிம்பு தட்டுப்பட்டது. மாப்பிள்ளைக்கு அந்த இடத்தில் சொட்டை, முடி வைத்து ஒட்டியிருக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஆண்களுக்கான ஒட்டை நான் மேஜைமேல் ஆயிரம் தடவை தொட்டிருக்கிறேன். உயிருள்ள ஒரு தலையில் தொட்டதில்லை. அவரை அவமானப்படுத்தக்கூடாது என்று யாருக்கும் தெரியாமல் அந்த இடத்திலும் நன்றாகத் தேய்த்துப் படியவிட்டேன். பிறகு கிண்ணத்தை மாற்றிச் சுபிக்குக் கற்றாழை வைத்தேன்.

ஆறாம் நாள் காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில், சிக்னலில் நின்றிருந்த ஸ்கூட்டரோடு நவநீத் சாய்ந்தார். பின்னால் வந்த வண்டிக்கு நிறுத்த நேரமில்லை. ஆஸ்பத்திரி போகும்வரை உயிர் இருந்தது. வெயிலில் மயக்கம் வந்துவிட்டது என்று அவர்கள் வீட்டில் சொன்னார்கள். ஐப்பசியில் என்ன வெயில் என்று யாரும் கேட்கவில்லை. சுபி பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று என் மேஜைமேல் பதினேழு உறைகள் இருந்தன. ஒட்டுப் போட்டவர் விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தால், ஒட்டைக் கழற்றிச் செய்த கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. உறைமேல் பெயர் இருக்காது. ஆணா பெண்ணா, வயது, விழுந்த தேதி, இப்போது உயிரோடு இருக்கிறாரா என்பது மட்டும். ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்து எழுதினேன். பன்னிரண்டு, ஒன்பது, பதினாறு. எல்லாம் ஊதியிருந்தன.

பதினோராவது உறையைப் பிரித்ததும் மிளகும் சீரகமும் வெற்றிலையும் மணத்தன. அது எங்கள் வீட்டு அடுப்பங்கரையின் மணம். உறையின் மேல்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஆண். முப்பத்தொன்று. தேதியும் அதே தேதி. உயிரோடு இல்லை என்ற கட்டத்தில் ஒரு டிக்.

கைகள் பழக்கத்தில் வேலை செய்தன. எட்டு காட்டியது. எட்டு என்று எழுதினேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மொட்டைப் பொம்மை உட்கார்ந்திருந்தது. அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. ஒருக்கா வேலை செய்யாமல் போய், புதுசு போட்டதும் சரியானது. அவருக்கும் நலங்கு வைத்திருப்பார்கள், அவரும் எங்கேயோ தனியாக விழுந்து எழுந்திருப்பார். காரணம் தெரியாமல் ஒரு மாதம் தவித்து, அதைச் செய்தவளிடமே வந்து உட்கார்ந்திருக்கிறார். சமையலறையைப் பார்த்தது, தன் பெண்டாட்டி காதில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காக.

பிரசன்னா சார் வந்து உறைகளைப் பார்த்தார். "நீ சொன்னப்பவே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "இப்ப கேஸ் இருக்கு தாரிணி. இன்னைக்கே திரும்ப வாங்கச் சொல்லி எழுதிடறேன். யாரும் மறுக்க முடியாது." அவர் சொன்னபடியே செய்தார். ஒரு வாரத்தில் நாற்பதாயிரம் ஒட்டும் திரும்பி வந்தன. எண்ணெய் குடிக்காத புதுக் கலவை ஒன்றைச் செய்து கொடுத்தோம். அதைச் செய்ய எனக்குப் பன்னிரண்டு நாள்தான் பிடித்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு நவநீத்தின் அம்மா சுமதி அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கருவியைப் பற்றி எழுதியிருந்தது. இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பத்தாவது படிக்கும்போதிருந்து அவனுக்கு வலிப்பு என்று சொன்னார்.

"சொல்லியிருந்தாப் பொண்ணு குடுத்திருப்பீங்களா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "அவன் சொல்லீரலாம்னுதான் சொன்னான். நாந்தான் அவன் வாயப் பொத்துனேன்." அம்மா காபிகூடக் கொடுக்கவில்லை. அவர் எழுந்து, சுபியின் கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

வாசல் கதவு சாத்தினதும் அம்மா வெடித்தாள்.

"வலிப்பு இருக்கறதை மறைச்சு எம்பொண்ணு தலைல கட்டிட்டாங்களே! இவங்கெல்லாம் மனுசங்களா? ஒரு பொண்ணோட வாழ்க்கைன்னு நெனச்சுப் பாத்தாங்களா? வியாதிக்காரனுக்கு எதுக்குக் கல்யாணம்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் நடிக்கவில்லை. அவள் கண்ணில் நிஜமான கண்ணீர், நிஜமான ஆத்திரம். சுபி சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாரப்படாத முடிக்கு நடுவில், காதுக்கு மேலே, புது ஒட்டின் கறுப்பு விளிம்பு வெளியே தெரிந்தது. கம்பெனி இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அதை முடியால் மூடிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"அம்மா, போதும்" என்றேன். அம்மா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

சுபியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நவநீத் போனதிலிருந்து முதல் தடவையாக, அவளாகவே பேசினாள்.

"எனக்கு அவர்மேல கோவமே இல்லக்கா. நானும் மறைச்சேன், அவரும் மறைச்சாரு. எனக்காச்சும் நீ இருந்த. எண்ணெய் வேண்டாம்னு சொல்றதுக்கு, கிண்ணத்த மாத்தி வெக்கறதுக்கு. அவருக்கு யாருமில்ல பாத்தியா."

நான் அவள் முடியை ஒதுக்கி அந்தக் கறுப்பு விளிம்பின்மேல் வாரிவிட்டேன்.

"அந்த ஒட்டச் செய்யறது நீதான்னு அவருக்குத் தெரியும்," என்றாள். "வீட்டுலயே ஆள வெச்சுட்டு, ஒரு வார்த்தை உன்கிட்டக் கேட்டிருக்கலாம்லக்கா?"

"கேட்டிருக்கலாம்" என்றேன்.